விடைத்தாளை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

பள்ளி ஆண்டு விழாவிலும் கல்லூரிக் கலைவிழாவிலும் தொலைக்காட்சியிலும் வினாடி வினா நடத்தும் அன்பர்களுக்கு, அதிலும் குறிப்பாக விளையாட்டுச் சுற்றுக்குக் கேள்வி எழுதுபவர்களுக்கு,



"1950 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆட இடம் கிடைத்தும் இந்தியா ஏன் போகவில்லை?" இந்தக் கேள்வி இல்லாத கோப்பு உங்களில் யாரிடமும் இருக்காது. வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்கவில்லை என்பது விடை. எந்த ஊர்ப் பிள்ளையும் கேள்வி முடிவதற்குள் பஸ்ஸரை அழுத்திவிடும். பத்து மதிப்பெண், கைதட்டல், அடுத்த கேள்வி.

விடை தவறு.

தகுதிச் சுற்றில் இந்தியாவோடு இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. அதனால் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே இந்தியாவுக்கு பிரேசில் போக வழி திறந்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகிய அணிகளோடு ஒரே பிரிவில் பெயரும் விழுந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில்காரர்கள் முன்வந்தார்கள். தயங்கியது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புதான். பயணம் நெடியது, பயிற்சிக்கு நாள் போதாது, அணித் தேர்வில் இழுபறி என்று காரணங்கள் வரிசையாக வந்தன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பை அதற்கு ஈடான போட்டியாகவே அவர்களுக்குப் படவில்லை. அந்தக் கால இந்திய அணியின் தூண்களில் ஒருவரான சைலேன் மன்னா பிற்காலத்தில் இதைத்தான் சொன்னார். பூட்ஸ் கதையை அவர் ஏற்கவில்லை.

வெறுங்கால் கதைக்கு வித்து எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்டு மைதானத்தில், இந்தியா பிரான்ஸோடு மோதியது. நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு, கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி, 1-2 என்று தோற்றார்கள். லண்டன் பத்திரிகைகள் அந்த வெறுங்கால்களை வியந்து எழுதின. ஃபிஃபா 1950இல் உண்மையிலேயே கதவைச் சாத்தியிருந்தால், இரண்டே ஆண்டு கழித்து ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியர்கள் பலர் மறுபடியும் வெறுங்காலோடு எப்படி இறங்கினார்கள்? அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று உதை வாங்கிய பிறகுதான் நம் கூட்டமைப்பே பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

இந்தக் கட்டுக்கதை ஏன் சாகாமல் இருக்கிறது என்பதும் புரியாத விஷயமல்ல. 'நாங்கள் தயாராகத்தான் இருந்தோம், வெள்ளைக்காரன் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டான்' என்பது கேட்க இதமாக இருக்கிறது. 'கூப்பிட்டார்கள், செலவும் தருகிறேன் என்றார்கள், நாம்தான் போகவில்லை' என்பது அப்படி இல்லை. ஆனால் நடந்தது இரண்டாவதுதான். கதையாகப் பார்த்தாலும் அதுதான் சுவை. அதே பிரிவில் இருந்த இத்தாலியர்களைப் பாருங்கள். 1949 மே மாதம் டுரினுக்கு அருகே சூபர்கா குன்றில் விமானம் மோதி டொரினோ அணியே அழிந்திருந்த அதிர்ச்சியில், அவர்கள் விமானம் ஏறவே மறுத்துக் கப்பலில் பிரேசில் போய்ச் சேர்ந்தார்கள். உலகக் கோப்பையை வைத்திருந்த நாடு கடல் கடந்து வருகிறது, இடத்தை இனாமாகப் பெற்ற நாடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இதை விட்டுவிட்டுச் செருப்புக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த மடல் உங்கள் மேல் குற்றம் சுமத்த எழுதப்பட்டதல்ல. ஒரு சுற்றுக்கு இருபது கேள்வி, அதுவும் நாளை காலைக்குள் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லும்போது, கையில் கிடைக்கும் பொது அறிவுப் புத்தகத்தைத்தான் புரட்டுவீர்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் இன்னொரு புத்தகத்தைப் புரட்டியிருப்பார். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை விளையாட்டு வரலாற்றைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் உங்கள் மேடைதான். பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் குறைவு, நாளிதழில் அன்றைய ஸ்கோர்தான் இருக்கும். ஆகவே உங்கள் விடைத்தாளுக்கு ஒரு கனம் இருக்கிறது.

1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு உங்கள் கோப்பில் வழக்கமாக இரண்டு கேள்விகள் இருக்கும். இரண்டிலும் ஹிட்லர் வருவார். ஹாக்கி வீரர் தயான் சந்தின் ஆட்டத்தில் மயங்கி ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருவதாக அவர் சொன்னார் என்பது ஒன்று. கறுப்பின அமெரிக்க ஓட்டவீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸோடு கைகுலுக்க மறுத்தார் என்பது இன்னொன்று.

தயான் சந்தின் தன்வரலாறான 'கோல்' 1952இல் வெளிவந்தது. வெளியிட்டது, நம் சென்னையின் 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்'. ஹிட்லர் அப்படி ஒரு பேரம் பேசியிருந்தால் அதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் அதில் அந்தப் பேச்சே இல்லை. சொல்லத்தக்க வேறு ஒன்று நடந்திருக்கிறது. பெர்லினில் இறங்கிய சில நாளிலேயே ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் இந்தியா 1-4 என்று தோற்றது. பதறிப்போய், ஆட்டக்காரர் அலி தாராவை உடனே அனுப்பும்படி ஊருக்குத் தந்தி அடித்தார்கள். விமானத்தில் வந்து சேர்ந்தார் அவர். ஆகஸ்ட் 14இல் நடக்கவேண்டிய இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. களம் இறங்கும் முன், உடைமாற்றும் அறையில் அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வெளியே எடுத்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போனார்கள். அணித் தலைவர் தயான் சந்தோ பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சம்பளம் வாங்கும் சிப்பாய். ஆட்டம் 8-1. அந்தத் தொடர் முழுவதிலும் இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது அந்த ஒன்றுதான். தேதியைக் கவனித்தீர்களா? ஆகஸ்ட் 15.

ஓவன்ஸ் கதை இதைவிடச் சிக்கலானது. போட்டியின் முதல் நாள் ஹிட்லர் ஜெர்மானிய வெற்றியாளர்களையும் பின்லாந்துக்காரர்களையும் தன் மாடத்துக்கு அழைத்துக் கைகுலுக்கினார். அன்று உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற கறுப்பின அமெரிக்கர் கார்னீலியஸ் ஜான்சனுக்குப் பதக்கம் தரும் நேரத்தில் அரங்கை விட்டுப் போய்விட்டார். 'எல்லோருக்கும் கைகொடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்' என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அவருக்குத் தெரிவித்தது. அவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். ஓவன்ஸ் முதல் தங்கத்தை வென்றது அதற்கு அடுத்துத்தான். அவமதிப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது ஜான்சனுக்கு நடந்தது. அவர் பெயரை எந்த வினாடி வினாவிலாவது கேட்டதுண்டா? தன் நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாழ்த்துத் தந்திகூட அனுப்பவில்லை என்று ஓவன்ஸே சொல்லியிருக்கிறார். ஹிட்லரை வில்லனாக வைத்தால் கதை எளிதாகிறது, அமெரிக்கா நல்லவனாகத் தப்பித்துக்கொள்கிறது.

ஓவன்ஸின் நான்காவது தங்கத்துக்குப் பின்னால் இருப்பதும் பலருக்குத் தெரியாது. 4x100 மீட்டர் தொடரோட்டத்தில் ஓட அவர் பெயர் முதலில் இல்லை. மார்ட்டி கிளிக்மேன், சாம் ஸ்டோலர் என்று இரண்டு இளைஞர்கள் அதற்காகவே பயிற்சி எடுத்து வந்திருந்தார்கள். ஓட வேண்டிய அன்று காலை பயிற்சியாளர்கள் கூட்டம் போட்டு அந்த இருவரையும் நீக்கி, ஓவன்ஸையும் ரால்ஃப் மெட்காஃபையும் சேர்த்தார்கள். நீக்கப்பட்ட இருவரும் யூதர்கள். அந்த ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்கத் தடகள வீரர்களில் ஓடாமலே திரும்பிய இருவர் அவர்கள்தான். எனக்குப் பதக்கம் போதும், அவர்களை ஓடவிடுங்கள் என்று ஓவன்ஸ் பேசிப் பார்த்ததாகக் கிளிக்மேன் பிற்காலத்தில் சொன்னார். கிளிக்மேன் பின்னாளில் நியூயார்க்கின் புகழ்பெற்ற விளையாட்டு வர்ணனையாளர் ஆனார்.

அதே அரங்கில், ஆகஸ்ட் 9 அன்று மாரத்தான். வென்றவர் யார் என்று கேட்டால் உங்கள் விடைத்தாளில் 'கிட்டேய் சோன், ஜப்பான்' என்று இருக்கும். ஒலிம்பிக் பதிவேட்டிலும் நாடு ஜப்பான்தான். இங்கே விடையைத் தவறு என்று சொல்ல முடியாது, சரி என்று சொல்லவும் மனம் வராது. அவர் பெயர் சோன் கீ-சங், கொரியர். அவர் நாடு 1910 முதல் ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பான் சட்டையைப் போட்டு, பெயரையும் ஜப்பானிய உச்சரிப்பில் எழுதினால்தான் ஓட விடுவார்கள். பெர்லினில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் கொரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் கொரியா என்றார்.

2 மணி 29 நிமிடம் 19.2 நொடி, ஒலிம்பிக் சாதனை. மேடையில் ஜப்பானியக் கொடி ஏறுகிறது, ஜப்பானிய கீதம் ஒலிக்கிறது. வெற்றி பெற்றவருக்கு ஓக் கன்று ஒன்று பரிசாகத் தந்திருந்தார்கள். சோன் தலையைக் குனிந்து அந்தக் கன்றை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். சட்டையில் இருந்த சூரியக் கொடி இலைகளுக்குள் மறைந்துவிட்டது. மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியர். சோனின் தங்கத்தைப் பார்த்து தனக்குப் பொறாமை இல்லை, கொடியை மறைக்க அவருக்கு ஒரு கன்று கிடைத்ததே என்றுதான் பொறாமை என்று அவர் பிறகு சொன்னதாகச் சொல்வார்கள். மூன்றாம் இடத்துக்குக் கன்று கிடையாது.

சோலில் 'டோங்-ஆ இல்போ' நாளிதழ் அந்தப் படத்தை வெளியிட்டபோது மார்பில் இருந்த கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. காலனி அரசு ஊழியர்களைக் கைது செய்து, பத்திரிகையை ஒன்பது மாதம் முடக்கியது. ஒரு புகைப்படத்தில் ஒரு வட்டத்தைச் சுரண்டியதற்கு இவ்வளவு தண்டனை.

சோன் கதை இங்கே நிற்கவில்லை. மாரத்தான் வெற்றியாளருக்குத் தருவதற்காக ஏதென்ஸ் பத்திரிகை ஒன்று பழைய கிரேக்க வெண்கலத் தலைக்கவசம் ஒன்றை அனுப்பியிருந்தது. ஒலிம்பியாவில் அகழ்ந்தெடுத்தது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. அமெச்சூர் வீரர் விலையுயர்ந்த பரிசு வாங்கக் கூடாது என்று சொல்லி அதை அவருக்குத் தரவில்லை. பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் கிடந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1986இல்தான் அவர் கைக்கு வந்தது. அவர் அதைக் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். 1988 சோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தை ஏந்தி அரங்குக்குள் வந்தவர் எழுபதைத் தாண்டிய சோன்தான். துள்ளிக் குதித்துக்கொண்டே வந்தார். 1992 பார்சிலோனாவில், அதே ஆகஸ்ட் 9இல், ஹ்வாங் யங்-ஜோ கொரியச் சட்டையோடு மாரத்தான் வென்றபோது பார்வையாளர் மாடத்தில் அவர் இருந்தார்.

இத்தனையும் உங்கள் விடைத்தாளில் 'கிட்டேய் சோன், ஜப்பான்' என்று மூன்றே சொல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது.

பெயரைத் தவறாக எழுதிவைப்பது பெர்லினில் தொடங்கியதல்ல. 1904 செயின்ட் லூயிஸ் மாரத்தானைப் பற்றி நீங்கள் கேட்பதெல்லாம் காரில் ஏறி ஏமாற்றியவர் யார் என்பதுதான். அது தவறான கேள்வி அல்ல. ஃபிரெட் லோர்ஸ் வழியில் தசைப்பிடிப்பால் நின்றார், ஒரு காரில் ஏறினார், கார் பழுதாகவே இறங்கி ஓடி அரங்குக்குள் முதல் ஆளாக நுழைந்தார். அன்றைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் மாலை சூட்டத் தயாராக இருந்தபோது குட்டு உடைந்தது. சும்மா வேடிக்கைக்கு என்றார் லோர்ஸ். வாழ்நாள் தடை விதித்தார்கள், அதை நீக்கவும் செய்தார்கள். அடுத்த ஆண்டே பாஸ்டன் மாரத்தானில், இம்முறை முழுக்கக் காலாலேயே ஓடி, முதலிடம் பிடித்தார்.

ஆனால் அந்த ஓட்டத்தில் லோர்ஸ் ஒரு சிறு துணைப் பாத்திரம். ஆகஸ்ட் 30, கொளுத்தும் மதியம். மண் சாலை. வீரர்களுக்கு முன்னாலும் பின்னாலும் கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. போட்டி அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஓர் ஆராய்ச்சி ஆசை. தண்ணீர் குடிக்காமல் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க விரும்பினார். அதனால் வழி நெடுகத் தண்ணீர் இல்லை, நடுவில் ஒரே ஒரு கிணறு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் கார்சியா புழுதியை விழுங்கி, உள்ளே ரத்தம் கசிந்து, சாலையோரம் சுருண்டு கிடந்தார். மயிரிழையில் பிழைத்தார். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் கோட்டைத் தொட்டார்கள்.

தங்கம் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு அவருடைய உதவியாளர்கள் வழியில் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள். எலி மருந்தாகப் பயன்பட்ட அதே நஞ்சுதான், சிறிய அளவில். மேலே பிராந்தி. தண்ணீர் மட்டும் கேட்டும் தரவில்லை. கண் சொருகி, பிதற்றிக்கொண்டே, இருபுறமும் தாங்கிப் பிடிக்க அவர் எல்லை சேர்ந்தார். 3 மணி 28 நிமிடம் 53 நொடி. ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றவர்களிலேயே மெதுவான நேரம் இன்றுவரை இதுதான். நஞ்சு கொடுத்ததில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்போது அதற்குத் தடை இல்லை.

நான்காவதாக வந்தவர் கியூபாவின் தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால். ஊரில் வசூல் செய்து கொண்டுவந்த பணத்தை நியூ ஆர்லியன்ஸில் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டும் நடந்தும் வந்தார். முழுக்கால் சட்டையோடு நின்றவரைப் பார்த்து இரங்கிய ஒருவர் கத்தரிக்கோலால் அதை முழங்காலோடு வெட்டிவிட்டார். பசியில் வழியோரத் தோட்டத்தில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிற்றுவலி வந்து, படுத்து ஒரு தூக்கமும் போட்டு எழுந்து ஓடியவர் நான்காம் இடம்!

ஒன்பதாவதும் பன்னிரண்டாவதுமாக வந்தவர்கள்தான் இந்த மடல் அழுத்திச் சொல்ல விரும்புபவர்கள். தென்னாப்பிரிக்காவின் ட்ஸ்வானா இனத்தைச் சேர்ந்த லென் டாவ்யானே, யான் மஷியானி. ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்கள். அவர்கள் ஒலிம்பிக்குக்காக அமெரிக்கா வரவில்லை. செயின்ட் லூயிஸில் அப்போது நடந்துகொண்டிருந்த உலகக் கண்காட்சியில் போயர் போரை நடித்துக் காட்டும் காட்சி ஒன்று இருந்தது. அதில் பங்கேற்க வந்தவர்கள். அதே கண்காட்சியில் உலகின் பல பழங்குடி மக்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக உட்காரவைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த இருவரும் தொடக்கக் கோட்டில் வந்து நின்றதே பெரிய விஷயம். டாவ்யானேவை ஒரு நாய் துரத்தி, பாதையை விட்டு வெகுதூரம் ஓடவைத்தது. அப்படியும் ஒன்பதாவது. பழைய பதிவேடுகளில் இவர்களுடைய பெயர் 'லென்டாவ்', 'யமசானி' என்று சிதைந்து கிடந்தது. அடுத்த முறை காரில் போனவரின் பெயரைக் கேட்கும்போது, நாய் துரத்தியவரின் பெயரையும் கேளுங்கள்.

ஷிசோ கனகுரியைத் தெரியாத வினாடி வினாக்காரர் இருக்க முடியாது. 'உலகிலேயே அதிக நேரம் எடுத்து மாரத்தான் முடித்தவர்': 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி. நீங்கள் கேட்பது அந்தக் கணக்கைத்தான். கூடவே ஒரு கதையும் சொல்வீர்கள்: 1912இல் ஸ்டாக்ஹோமில் ஓடிக்கொண்டிருந்தவர் காணாமல் போனார், அரை நூற்றாண்டு அவரைச் சுவீடன் தேடியது, கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

முதல் பாதி சரி. 1911இல் உள்நாட்டுத் தேர்வு ஓட்டத்தில் அசுர நேரம் காட்டிய இருபது வயது மாணவர் அவர். கப்பலிலும் சைபீரிய ரயிலிலும் 18 நாள் பயணம் செய்து ஸ்டாக்ஹோம் சேர்ந்தார். நடுநிசியிலும் வெளிச்சமாக இருந்த வடதேசத்துக் கோடையில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. காலில் துணியாலான ஜப்பானியத் தாபி. ஜூலை 14 அன்று சுவீடனுக்கே புதிதான வெயில் அடித்தது. ஓடியவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். கனகுரி பாதி வழி தாண்டியதும் மயங்கி ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டுக்காரர்கள் குடிக்கப் பழச்சாறு கொடுத்து, படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரிகளிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் ஊர் திரும்பிவிட்டார். விலகியதாகப் பதிவு இல்லாததால், ஓட்டம் முடியாத கணக்காகவே நின்றது.

இரண்டாம் பாதிதான் கட்டிவிட்ட கதை. காணாமல் போனதாகச் சொல்லப்படும் இவர் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடி 16ஆவது இடத்தில் முடித்தார். 1924 பாரிஸிலும் ஓடினார். உலகம் முழுக்கப் பார்க்க இரண்டு முறை பெயர் கொடுத்து ஓடியவரை எவரும் தேட வேண்டியதில்லை.

தோற்றுத் திரும்பியவர் அதன் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. உச்சத்தில் இருக்க வேண்டிய 1916 ஒலிம்பிக் போரால் நடக்கவில்லை. தனக்கு நேர்ந்தது அடுத்து வருபவனுக்கு நேரக்கூடாது என்றால் நெடுந்தூரம் ஓடுபவர்கள் நூற்றுக்கணக்கில் உருவாக வேண்டும் என்று நினைத்தார். 1920இல் டோக்கியோவுக்கும் ஹகோனே மலைக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்கள் மாறி மாறி ஓடும் 'ஹகோனே எகிடென்' தொடரோட்டம் பிறந்ததில் அவர் பங்கு முக்கியமானது. முதல் ஆண்டு நான்கே பல்கலைக்கழகங்கள். இன்று ஒவ்வொரு ஜனவரி 2, 3 தேதிகளிலும் ஜப்பானே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. அதன் சிறந்த வீரருக்குத் தரும் கோப்பை கனகுரியின் பெயரில் இருக்கிறது.

சுவீடன் 1967இல் அவரை அழைத்தது தேடிக் கண்டுபிடித்ததால் அல்ல. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் 55ஆம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நல்ல விளையாட்டு யோசனை அவர்களுக்குத் தோன்றியது. 75 வயதில், கோட்டும் போட்டுக்கொண்டு, அந்த அரங்கில் மெல்ல ஓடி நாடாவைத் தொட்டார். நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நெடிய பயணம், நடுவில் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்துவிட்டார்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். இத்தனை நிறைவான ஒரு வாழ்க்கையை, வழி தவறிய கிழவர் ஒருவரின் தமாஷாக மாற்றிவைத்திருக்கிறோம்.

கோப்பில் திருத்த வேண்டியவை இன்னும் உண்டு. 1908 லண்டன் மாரத்தானில் அரங்குக்குள் திரும்பத் திரும்ப விழுந்த டொரான்டோ பியட்ரியைத் தூக்கிவிட்டது ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் என்பார்கள். அவர் அப்போது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து 'டெய்லி மெயில்' பத்திரிகைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். பியட்ரிக்காக நிதி திரட்ட முன்நின்றது மட்டும் உண்மை. முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 1877இல் நடந்தது என்று எழுதியிருந்தால், 'முதல் டெஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 1844 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்காவும் கனடாவும் ஆடி, கனடா 23 ரன்களில் வென்றிருக்கிறது. 1912இல் ஒலிம்பிக்கில் இலக்கியத்துக்கும் பதக்கம் உண்டு. தங்கம் வென்ற கவிதைக்கு இரண்டு பேர் பெயர் போட்டிருந்தது. இரண்டுமே புனைபெயர், எழுதியவர் ஒலிம்பிக்கை மீண்டும் தொடங்கிய பியர் தெ கூபெர்த்தான்!

நீங்கள் சொல்லப்போவது தெரிகிறது. மேடையில் முப்பது நொடிதான் இருக்கிறது, விடை ஒரே சொல்லில் இருந்தால்தான் நடுவர் தீர்ப்புச் சொல்ல முடியும், கொரியாவின் காலனி வரலாற்றை எங்கே சொல்வது? நியாயம்தான். ஆனால் கேள்வியின் உடம்பிலேயே கதையை வைக்கலாம். 'தனக்குப் பரிசாகக் கிடைத்த மரக்கன்றால் மார்பில் இருந்த கொடியை மறைத்துக்கொண்டு மேடையில் நின்ற மாரத்தான் வீரர் யார்?' இதற்கும் விடை ஒரே பெயர்தான். 'ஒலிம்பிக்குக்கு வராமல், கண்காட்சிக்கு வந்து, ஒலிம்பிக் மாரத்தானில் ஒன்பதாவதாக முடித்தவர் யார்?' இதற்கும் அப்படியே. தெரியாத பிள்ளைகூடக் கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். 'ஏன்' என்று தொடங்கும் கேள்விக்கு ஒற்றைக் காரணம் விடையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1950 கால்பந்து விவகாரம் சிக்கியது அங்கேதான்.

போகிற போக்கில் உங்கள் அடுத்த கோப்புக்கு ஒரு கேள்வி. 1900 பாரிஸ் ஒலிம்பிக், சேன் நதி, இருவர் துடுப்பிட ஒருவர் திசை சொல்லும் படகுப் போட்டி. நெதர்லாந்தின் ஃபிரான்சுவா பிராண்ட், ரூலோஃப் கிளைன் இருவரும் முதல் சுற்றில் பிரெஞ்சுப் படகிடம் பின்தங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திசை சொல்ல எடை குறைந்த சிறுவர்களை உட்காரவைத்திருந்தது அவர்கள் கண்ணில் பட்டது. தங்கள் படகில் இருந்ததோ 60 கிலோ மருத்துவர், ஹெர்மனஸ் பிரோக்மன். இறுதிப் போட்டிக்கு அவரை இறக்கிவிட்டு, 33 கிலோ எடையுள்ள ஒரு பிரெஞ்சுச் சிறுவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நூலிழையில் தங்கம். சிறுவன் அந்த இருவரோடும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு, யாரிடமும் பெயர் சொல்லாமல் போய்விட்டான். ஒலிம்பிக் பதிவேட்டில் இன்றும் அவன் 'பெயர் தெரியாத பிரெஞ்சுச் சிறுவன்'. அவன் யார் என்று கேளுங்கள். எந்த அணிக்கு மதிப்பெண் கொடுப்பது என்பதை உங்கள் நடுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, மேடைக்கு முன்பே விடையை முணுமுணுக்கும் ஒருவர்